கோலம் மூடவில்லை என்றால் மோட்டாரை மாற்ற வேண்டாம்

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். சுவரில் ஒரு பலகை. அதன் மேல் மூலைகள் இரண்டிலும் ஆளுக்கொரு நெமா 17 ஸ்டெப்பர் மோட்டார் (அடி அடியாகச் சுழலும் மோட்டார்). இரண்டிலிருந்தும் பல்வைத்த ஜிடி2 பெல்ட் இறங்கி, நடுவில் பேனா வண்டியைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. ஆர்டுயினோ ஊனோ என்ற கட்டுப்பாட்டு போர்டு, அதன் மேல் டிரைவர்களைச் செருகும் சிஎன்சி ஷீல்டு, மோட்டார்களுக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் இரண்டு ஏ4988 டிரைவர், 12 வோல்ட் சப்ளை. உள்ளே ஓடுவது ஜிஆர்பிஎல், கணினி அனுப்பும் வரிகளை மோட்டார் அசைவாக மாற்றும் நிரல். வரைய நினைத்தது சிக்குக் கோலம். குறை மூன்று: கம்பி (கோலத்தின் கோடு) தொடங்கிய இடத்தில் வந்து சேராமல் இரண்டரை மில்லிமீட்டர் போலத் தள்ளி நிற்கிறது, வளைவு முடிகிற இடங்களில் கோடு நடுங்குகிறது, மோட்டார், டிரைவர் இரண்டிலும் கை வைக்க முடியாத சூடு. கடையில் கேட்டதற்கு, "மோட்டாருக்கு பவர் பத்தல, நெமா 23 போடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். வாங்கலாமா என்கிறீர்கள்.

வாங்காதீர்கள். உங்கள் மோட்டார் தேவைக்குப் பல மடங்கு பெரியது. நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

பேனா வண்டி 400 கிராம் என்கிறீர்கள். இரண்டு பெல்ட்டும் கிடைமட்டத்திலிருந்து 45 பாகை சாய்வில் இருக்கும்போது ஒவ்வொரு பெல்ட்டும் இழுக்கும் பாரம், எடையில் பாதியை அந்தக் கோணத்தின் சைனால் வகுத்தது. 200ஐ 0.707ஆல் வகுத்தால் 283 கிராம். மோட்டார் ஷாஃப்டில் இருக்கும் 20 பல் புல்லி ஒரு சுற்றுக்கு 40 மில்லிமீட்டர் பெல்ட்டை இழுக்கும். அப்படியானால் அதன் ஆரம் 0.64 சென்டிமீட்டர் சொச்சம். பெருக்கினால் மோட்டார் கொடுக்க வேண்டிய முறுக்கு விசை 0.18 கிலோ-சென்டிமீட்டர். நீங்கள் வாங்கிய மோட்டாரின் விவரத்தில் 4.2 கிலோ-சென்டிமீட்டர் என்று போட்டிருக்கிறது. வண்டி பலகையின் மேல் விளிம்பை நெருங்கி, பெல்ட் இரண்டும் ஏறக்குறைய படுத்துவிட்ட நிலையில், கோணம் 10 பாகைதான் என்று வைத்துக்கொண்டாலும் பாரம் 1,150 கிராம், முறுக்கு 0.73 கிலோ-சென்டிமீட்டர். ஆக மிக மோசமான இடத்திலும் மோட்டாரின் திறனில் ஐந்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. நெமா 17 என்பது திறனின் பெயரும் இல்லை. முகப்பின் அகலம் 1.7 அங்குலம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. நெமா 23 என்றால் 2.3 அங்குலம், அவ்வளவுதான். அதை வாங்கினால் அது கேட்கும் கரண்டை ஏ4988 பெரும்பாலும் தாங்காது. டிரைவரை மாற்ற வேண்டும், சப்ளையை மாற்ற வேண்டும், பிறகு மோட்டாரைத் தாங்கும் பிராக்கெட்டையும் மாற்ற வேண்டும்.

(மேல் விளிம்புக்கு அருகில் வரையாமல் இருப்பது எப்படியும் நல்லது. அங்கே பெல்ட் துளி நீண்டாலும் பேனா பெரிதாக இறங்கிவிடும். மோட்டார்களுக்குக் கீழே நல்ல இடைவெளி விட்டு, கிடைமட்டத்தில் நடுப்பகுதியில் தாளை ஒட்டுங்கள். கீழ் மூலைகளில் தூரத்து பெல்ட் தொய்ந்துவிடும், அவற்றையும் விட்டுவிடுங்கள்.)

சரி, அப்படியானால் அந்த இரண்டரை மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது? அந்த இடைவெளியே பாதி பதிலைச் சொல்கிறது. மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 200 அடி (ஸ்டெப்), பெல்ட் 40 மில்லிமீட்டர். ஒரு முழு அடிக்கு 0.2 மில்லிமீட்டர். ஸ்டெப்பர் பிடி நழுவினால் எங்கே வேண்டுமானாலும் போய் நிற்காது. காயில்களின் காந்தச் சுழற்சி நான்கு முழு அடிக்கு ஒருமுறை திரும்ப வருவதால், நழுவிய ரோட்டர் நான்கு நான்கு அடியாகத் தள்ளித்தான் உட்காரும். நான்கு அடி என்றால் 0.8 மில்லிமீட்டர். அதனால் பெல்ட் நீளத்தில் பிழை 0.8, 1.6, 2.4 என்று வந்தால் மோட்டார் அடி தவறியிருக்கிறது. சரியாக 2 மில்லிமீட்டர் என்றால் பெல்ட் பல் தாண்டியிருக்கிறது. 0.3 போல வந்தால் பேனா ஏந்தியில் ஆட்டம், அல்லது தாள் நகர்ந்தது. கோலத்துக்குக் கோலம் வேறு வேறு எண் வந்து, போகப் போகக் கூடிக்கொண்டே போனால் புல்லியின் திருகு லூஸ். ஷாஃப்டின் தட்டையான பக்கத்தில் அந்தத் திருகு உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்களுடையது இரண்டரை "போல" என்றால் 2.4 ஆகத்தான் இருக்கும். மூன்று முறை நழுவியிருக்கிறது, அல்லது ஒரே முறை மூன்று சுழற்சி.

எந்த மோட்டார் என்பதும் தெரியும். இடது பெல்ட்டின் கணக்கு தவறினாலும் வலது பெல்ட்டின் நீளம் சரியாகவே இருக்கும். ஆகவே பேனா வலது மோட்டாரை மையமாகக் கொண்ட வட்டத்தில்தான் தள்ளிப் போக முடியும். இடைவெளி வலது பெல்ட்டுக்குச் செங்குத்தாக இருந்தால் குற்றவாளி இடது மோட்டார். இடது பெல்ட்டுக்குச் செங்குத்து என்றால் வலது. ஒரு ஸ்கேலும் பென்சிலும் போதும்.

இனி, தேவையில் ஐந்து மடங்கு பலம் உள்ள மோட்டார் ஏன் நழுவுகிறது? என் கணிப்பு, நீங்கள் அதற்குக் கொடுக்கும் கரண்ட் அதிகம். குறைவு இல்லை, அதிகம். ஏ4988 சில்லின் (சிப்) உள்ளே வெப்பம் 165 பாகையைத் தொட்டால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளியீட்டை நிறுத்திவிடும். 15 பாகை போல ஆறியதும் மறுபடி தொடங்கும். இந்தத் தூக்கம் சட்டென்று முடிந்துவிடுவதால் பார்வைக்குத் தெரியாது, ஒரு 'டக்' கேட்கலாம். மேசைமேல் கிடக்கும் இயந்திரத்தில் அது பெரிதாகத் தெரியாமலே போகலாம். சுவரில் தொங்கும் இயந்திரத்தில் அந்த நேரம் வண்டியைப் பிடிப்பவர் யாருமில்லை. எடை இழுத்துக்கொண்டு ஒரு படி இறங்கிவிடும். மோட்டாருக்கு பவர் பத்தவில்லை என்று நினைத்து டிரைவரில் கரண்டின் அளவை வைக்கும் சின்னத் திருகை மேலும் முறுக்குவோம், நழுவல் இன்னும் கூடும். நானும் இதைச் செய்திருக்கிறேன்.

திருகை இப்படி வையுங்கள். டிரைவர் போர்டில் சில்லுக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கறுப்பு ரெசிஸ்டர் இருக்கும், மேலே ஆர்100 என்றோ ஆர்050 என்றோ பொடியாக எழுதியிருக்கும். செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். ஆர்100 என்றால் 0.1 ஓம், ஆர்050 என்றால் 0.05 ஓம், ஆர்068 என்றால் 0.068. ஏ4988க்கு வாய்ப்பாடு: திருகில் இருக்க வேண்டிய வோல்டேஜ் = 8 × கரண்ட் × அந்த ரெசிஸ்டர். உங்கள் மோட்டாரின் உச்சம் 1.5 ஆம்பியர், அதைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. 0.7 ஆம்பியர் கொடுத்தால் முறுக்கு ஏறத்தாழ அதே விகிதத்தில் குறைந்து 2 கிலோ-சென்டிமீட்டர் அளவில் நிற்கும். நமக்குத் தேவை 0.18, மிஞ்சிப்போனால் 0.73. ஆகவே ஆர்100 போர்டுக்கு 0.56 வோல்ட், ஆர்050 போர்டுக்கு 0.28 வோல்ட். ரெசிஸ்டரைப் பார்க்காமல் யாரோ சொன்ன 0.56ஐ ஆர்050 போர்டில் வைத்தால் கரண்ட் இரண்டு மடங்கு. நிறையப் பேருக்கு இதுதான் நடக்கிறது, உங்களுக்கும் இதுவாக இருக்கலாம்.

அளப்பதற்கு மல்டிமீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டிலும், சிவப்பு முனையை அந்தச் சின்னத் திருகின் உலோகத் தலையிலும் வைக்க வேண்டும். யுஎஸ்பி மட்டும் போதும், 12 வோல்ட் இல்லாமலே இந்த அளவு வரும். ஒரு கையில் மீட்டர் முனை, இன்னொரு கையில் ஸ்க்ரூடிரைவர் என்று இருந்தால் ஒன்று வழுக்கி அக்கம்பக்கத்துக் கால்களைத் தொட்டுவிடும். ஒரு முதலை கிளிப்பில் சிவப்பு முனையை ஸ்க்ரூடிரைவரின் தண்டிலேயே மாட்டிவிடுங்கள்; திருகத் திருக மீட்டரில் எண் ஓடும். திருகு மிக நுணுக்கமானது, நூல் அளவு திரும்பினாலே 0.1 வோல்ட் மாறும். மெதுவாக.

அப்புறம் ஒன்று, மிக முக்கியம்: 12 வோல்ட் ஓடும்போது மோட்டார் ஒயரைக் கழற்றவோ மாட்டவோ கூடாது. காயிலில் ஓடிக்கொண்டிருந்த கரண்ட் திடீரென்று அறுந்தால் வோல்டேஜ் எகிறி டிரைவரைக் கொன்றுவிடும். என் முதல் டிரைவர் அப்படித்தான் போனது. புகைகூட வரவில்லை, சும்மா செத்துப்போனது. டிரைவருக்கு 12 வோல்ட் வரும் இடத்தில் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒயர் வரிசை சரிதானா என்ற சந்தேகம் இருந்தால், மோட்டாரைத் தனியே எடுத்து நான்கு ஒயரில் இரண்டை ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். சுற்றக் கடினமாக இருந்தால் அந்த இரண்டும் ஒரே காயில். மீட்டரே வேண்டாம்.

இரண்டாவது சந்தேக நபர் ஜிஆர்பிஎல் உள்ளேயே இருக்கிறார். அதில் $1 என்று ஓர் அமைப்பு உண்டு. நகர்வு நின்றபின் எத்தனை மில்லிசெகண்ட் கழித்து மோட்டாரை விட்டுவிடுவது என்பது அது. வரும்போதே 25 என்று இருக்கும். மரம் செதுக்கும் மேசை இயந்திரத்துக்கு அது நியாயம், மோட்டார் சூடாகாமல் இருக்கும். தொங்கும் இயந்திரத்தில் 25 மில்லிசெகண்டில் கையை விட்டால் வண்டி கீழே போகும். கணினியிலிருந்து அடுத்த வரி வரத் தாமதமானால்கூட நடுக்கோலத்தில் இது நடக்கும். $1=255 என்று கொடுத்துவிடுங்கள்; 255 என்றால் 'விடவே விடாதே' என்று பொருள். கரண்டை 0.7க்கு இறக்கியிருப்பதால் நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தாலும் பிரச்சினை இல்லை. ஸ்டெப்பர் ஓடும்போது மட்டும் சூடாகிற மோட்டார் இல்லை. சும்மா நிற்கும்போதும் கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

சூட்டைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டாரின் வெளிப்புறம் 60, 70 பாகை போவது மோட்டாருக்குப் பெரிய விஷயம் இல்லை. ஆனால் அதைத் தாங்கும் பிராக்கெட்டை பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் செய்தேன் என்கிறீர்களே, அது 60 பாகைக்குப் பக்கத்திலேயே இளகத் தொடங்கிவிடும். திருகு அழுத்தும் இடத்தில் மெல்லக் குழையும், மோட்டார் முன்பக்கம் சாயும், பெல்ட் புல்லியின் ஓரத்தில் உரசும். இரண்டு மாதம் கழித்து எல்லாம் சரியாக இருந்தும் கோடு கோணலாக வருவதற்கு இதுதான் காரணமாக இருக்கும். பிஇடிஜி பிளாஸ்டிக்கில் பிரிண்ட் செய்யுங்கள். இல்லையென்றால் 6 மில்லிமீட்டர் பிளைவுட்டை லேசரில் வெட்டி மாட்டுங்கள். பிளைவுட்தான் எனக்குப் பிடித்தது.

இனி நடுக்கம். இது மோட்டாரில் இல்லை, தொங்கும் பொருளின் குணத்தில் இருக்கிறது. பேனா வண்டி ஓர் ஊசல்; திடீரென்று நிறுத்தினால் ஆடத்தான் செய்யும். சுவிட்சர்லாந்தில் யூர்க் லேனியும் ஊலி ஃபிராங்கேயும் 2002இல் செய்த ஹெக்டர் என்ற இயந்திரம் இதே அமைப்புதான்: இரண்டு மோட்டார், பல்வைத்த பெல்ட், நடுவில் பேனாவுக்குப் பதில் ஸ்ப்ரே பெயின்ட் டப்பா. கனமான டப்பா ஆடாமல் இருக்க, கூர்மையான திருப்பங்களை வளைவுகளாகக் கணக்கிட்டு ஓட்டினார்கள். உங்களுக்கு அந்த வேலை மிச்சம். சிக்குக் கோலத்தில் கூர்முனையே குறைவு, புள்ளியைச் சுற்றி வளைந்து வளைந்துதான் போகிறது. தொங்கும் இயந்திரத்துக்கென்றே யோசித்ததுபோல இருக்கிறது என்று நான் நினைப்பதுண்டு.

ஜிஆர்பிஎல்லில் முடுக்கத்தைச் சொல்லும் $120, $121 இரண்டிலும் 1000 போட்டிருக்கிறீர்கள், மேசை இயந்திரம் ஒன்றின் அமைப்பைப் பார்த்து எழுதியது போலிருக்கிறது. 50க்கு இறக்குங்கள். வேகம் நிமிடத்துக்கு 1,500 மில்லிமீட்டர் போதும். கோலம் மெல்லத்தான் வரும். வாசலில் போடும்போதும் மெல்லத்தானே போடுகிறோம். நடுக்கம் நின்றபின் 100, 150 என்று ஏற்றிப் பாருங்கள். பலகையின் அடியை முன்னால் இழுத்து நான்கைந்து பாகை சாய்த்தால் வண்டி பலகை மேல் சாய்ந்து உட்கார்ந்து கொஞ்சம் உராயும். அந்த உராய்வே ஆட்டத்தை அடக்கும். வண்டியில் பெல்ட் இரண்டும் பேனாவின் மையத்தை நோக்கி இழுக்கும்படி, பேனாவைச் சுற்றிச் சுழலும் இரண்டு வளையங்களில் மாட்டுவது நல்லது. அக்ரிலிக்கில் லேசர் வெட்டும்போது கதிர் தின்னும் அகலத்தால் வளையம் லூசாகிவிடும். பொருந்தும் அளவைக் கண்டுபிடிக்க முதலில் ஒரு துண்டில் வெட்டிப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. ஜிஆர்பிஎல்லுக்குத் தான் இரண்டு பெல்ட்டில் தொங்குகிறோம் என்பது தெரியாது. அதன் உலகம் செங்குத்தான இரண்டு அச்சு. கோலத்தின் புள்ளிகளை அப்படியே அனுப்பினால் சதுரம் பட்டம்போல நெளிந்துதான் வரும். உங்கள் படத்தில் ஓரப் புள்ளிகள் வளைந்திருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். இரண்டு வழி. இஎஸ்பி32 என்ற வேறு போர்டில் ஓடும் ஃப்ளூயிட்என்சி போன்ற நிரல்களில் சுவர் வரைபொறிக்கான கணக்கு ஏற்கெனவே இருக்கிறது, மார்லின் என்ற நிரலிலும் உண்டு. போர்டை மாற்றத் தயார் என்றால் அந்தப் பக்கம் போகலாம். ஊனோவையே வைத்துக்கொள்வதென்றால், கோட்டை 1 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி ஒவ்வொரு புள்ளிக்கும் இடது பெல்ட் நீளம், வலது பெல்ட் நீளம் இரண்டையும் பைதகரஸ் தேற்றத்தில் கண்டுபிடித்து, அவற்றையே எக்ஸ், ஒய் என்று அனுப்ப வேண்டும். பைத்தானில் இருபது வரி. ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை நுண்ணடி என்று சொல்லும் $100, $101 இரண்டும் 80: ஒரு சுற்றுக்கு 200 அடி, டிரைவர் ஒவ்வோர் அடியையும் நறுக்கும் 16 நுண்ணடி, 40 மில்லிமீட்டர். 1 மில்லிமீட்டரைவிடப் பொடியாக நறுக்காதீர்கள். அரை மீட்டர் நீளப் பெல்ட்டில் 1 மில்லிமீட்டர் துண்டின் வளைவுப் பிழை ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டரைவிடக் குறைவு, பேனா முனையோ அரை மில்லிமீட்டர். பொடிப்பொடியாக நறுக்கினால் வரிகள் வந்து சேராமல் இயந்திரம் திக்கும், அவ்வளவுதான் லாபம்.

மோட்டார் இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை மட்டும் கவனமாக அளந்துவிடுங்கள். ஷாஃப்டிலிருந்து ஷாஃப்டுக்கு இல்லை. பெல்ட் புல்லியை விட்டுப் பிரியும் இடத்திலிருந்து இடத்துக்கு.

இவை எல்லாம் முடிந்ததும் சோதனைக்கு எடுத்தவுடன் பெரிய கோலம் வேண்டாம். நான்குக்கு ஐந்து நேர்ப்புள்ளி வைத்து, இரண்டு புள்ளிக்கு நடுவே வரும் ஒவ்வோர் இடத்திலும் கம்பி குறுக்கே வெட்டிப் போகும்படி வரையுங்கள். முழுக் கோலமும் ஒரே கம்பியில் முடியும். நான்குக்கு நான்கு வைத்தால் நான்கு கம்பி வரும். இரண்டு எண்ணுக்கும் பொதுவான மிகப்பெரிய வகுத்தி எத்தனையோ அத்தனை கம்பி. கோலத்துக்குள் இருக்கும் இந்த மாதிரி ஒழுங்கைக் கணினி இலக்கணமாக எழுதும் வேலையைத் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி குழுவினர் 1970களிலேயே தொடங்கிவிட்டார்கள். நமக்கு இங்கே லாபம் வேறு: ஒற்றைக் கம்பிக் கோலம் பேனாவைத் தூக்காமல் தொடங்கிய புள்ளிக்கே திரும்புவதால், இயந்திரம் வழியில் எங்கே அடி தவறினாலும் கடைசி மில்லிமீட்டரில் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே தாளில் அதே கோலத்தை ஐந்து முறை மேலே மேலே ஓட்டுங்கள். ஐந்து கோடும் ஒன்றாகத் தெரிந்தால் வேலை முடிந்தது. இரட்டைக் கோடாகத் தெரிந்தால் எந்த வளைவிலிருந்து பிரிகிறது என்று பாருங்கள், அந்த இடத்தில்தான் நழுவியிருக்கிறது.

சத்தம் பிடிக்கவில்லை, காட்சியில் வைக்கப் போகிறேன் என்றால் டிஎம்சி2209 டிரைவர் வாங்கலாம். மோட்டார் ஓடுவதே காதில் விழாது. நுண்ணடியைத் தேர்ந்தெடுக்க ஷீல்டில் செருகும் ஜம்பர்களின் அமைப்பு அதற்கு ஏ4988 போல இல்லை, பார்த்துப் போடுங்கள். டிஆர்வி8825 டிரைவர் வேண்டாம். அதே மூன்று ஜம்பரில் அது 32 நுண்ணடிக்குப் போய்விடும், கோலம் பாதி அளவில் வரும். தவிர அதன் திருகு போர்டின் மறுமுனையில் இருப்பதால் பழைய டிரைவரைப் பார்த்துத் திருப்பி மாட்டி எரித்தவர்கள் பலர். எந்த டிரைவராக இருந்தாலும் திருகைப் பார்க்காமல் ஈஎன் என்று அச்சிட்ட காலைப் பார்த்து மாட்டுங்கள். 24 வோல்ட் சப்ளையும் இப்போதைக்குத் தேவையில்லை. உங்கள் வேகத்தில் ஒரு முழு அடிக்கு 8 மில்லிசெகண்ட் கிடைக்கிறது, காயிலில் கரண்ட் ஏற 12 வோல்ட்டே தாராளம்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள். ஒரு காட்சிக்காக மூன்று மணி நேரம் ஓடிய படத்தில் எனக்குக் கடைசிப் பத்து நிமிடத்தில் மின்வெட்டு வந்தது. மோட்டார் இரண்டும் கையை விட, வண்டி பேனாவைத் தாளில் அழுத்திக்கொண்டே அடிவரை வழுக்கி இறங்கி, படத்தின் நடுவே ஒரு நீண்ட கறுப்புக் கோடு. பெல்ட்டின் மறுமுனைகள் சும்மா தொங்குகின்றன அல்லவா, அவற்றில் ஆளுக்கு 200 கிராம் எதிர்எடை கட்டுங்கள். போல்ட் நட்டு நிரப்பிய மாத்திரை டப்பா போதும். வண்டியின் எடை பெரும்பாலும் சமமாகிவிடும், கரண்ட் போனாலும் இருந்த இடத்திலேயே அசையாமல் நிற்கும், மோட்டாருக்கும் பாரம் குறையும்.

நெமா 23க்கு ஒதுக்கிய காசில் உபரியாக நான்கு டிரைவர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாவது எரியும்.